ஏழும் ஐந்தும் பதினான்கு

ஜூலை 8
மாடி அறை

அண்ணிக்கு,

இல்லை. வேண்டுமென்று தட்டவில்லை. உங்கள் வகுப்பைக் கெடுக்கும் எண்ணமும் இல்லை. அண்ணன் படியேறி வந்து கேட்ட கேள்விக்கு வாயால் இதைத்தான் சொன்னேன். அதை வாய்வழியாகக் கீழே உங்களிடம் கொண்டுவர மாட்டாராம்.

"ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் எழுதிக் குடுங்க, கொண்டு போறேன். மேலயும் கீழயும் போறதுதானே லிஃப்ட் மெக்கானிக் பொழப்பு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

நம் வகுப்புகளுக்கு நடுவில் இருப்பது சுவர் இல்லை, விரல் தடிமன் பிளைவுட். தெரியும். ஆனால் என் முதல் வகுப்புக்குச் சொல்லைப் பிரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எழுத்து எழுத்தாக இல்லை. வாய் பிரிக்கிற மாதிரி. யா-னை, இரண்டு தட்டு. கண்-ணா-டி, மூன்று. பால், ஒன்று. கல்லூரியில் செய்யுளை அலகிட்டு நான் மதிப்பெண் வாங்கிய அசை இல்லை இது. ஆறு வயது வாய்க்குத் தானாகவே தெரிந்த அசை. கை தட்டினால் அது காதுக்கும் தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான் நான் செய்வது.

நேற்று நீங்கள் கதவைத் திறந்து, இருபத்தெட்டுக் குழந்தைகள் முன்னால், "இது வகுப்பா, சந்தையா?" என்றீர்கள்.

"சந்தையிலகூட கணக்கு சரியா வரும், அண்ணி" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அதாவது, பள்ளிக்கூடத்தில் 'அண்ணி' என்று சொல்லியிருக்கக் கூடாது. மற்றது பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 9

மாடி மகாராணிக்கு,

சந்தையில் கணக்கு எப்படி வருகிறது என்று நான் சொல்கிறேன், கேள்.

மூன்றாம் வகுப்பு, மனக்கணக்கு. விரல் விடக் கூடாது, வாய் அசைக்கக் கூடாது. "ஏழும் அஞ்சும் எத்தனை?" என்று கேட்டேன். அதே நேரம் உன் பக்கத்திலிருந்து "பூ-னை!" பட், பட். என் வகுப்பில் பாதிப் பேர் ஒரே குரலில் "பதினாலு" என்றார்கள்.

"எப்படிடா பதினாலு?"

"பன்னெண்டு டீச்சர். அப்புறம் அங்கேருந்து ரெண்டு வந்துச்சு."

"அங்கேருந்து வந்தா நீ ஏன்டா சேர்க்கிற?"

"கூட்டல்தானே டீச்சர்."

அவன் சொன்னது தப்பா? நீயே சொல். அடுத்தது எட்டும் நான்கும். நீ 'கண்ணாடி'க்குப் போய்விட்டாய். பதினைந்து. கழித்தல் நடத்தலாம் என்று மாற்றினேன். ஒருவன் கையைத் தூக்கி, "டீச்சர், இப்ப அங்கேருந்து வர்றதைக் கழிக்கணுமா?" என்றான். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் உன் கதவைத் திறந்தேன். நான் கத்தியது தெரிகிறது. ஏன் கத்தினேன் என்பது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து, நீ அவிழ்த்துவிட்ட அந்தச் சொல். இன்று காலை வாசலில் ஒரு வாண்டு, "குட் மார்னிங் அண்ணி டீச்சர்" என்றது. மதியத்துக்குள் வேன் டிரைவர் வரைக்கும் போய்விட்டது. "அண்ணி டீச்சர், வண்டி ரெடி" என்கிறார். எனக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

இந்த வேலைக்கு உன் பெயரைச் சொன்னது நான். அதனால் நீ செய்வதெல்லாம் என் தலையில்தான் விடியும். தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் பேசுகிறவள் இல்லை நான். அதனால் உன்னிடமும் சொல்கிறேன்.

உன் அண்ணி (வீட்டில் மட்டும்)


ஜூலை 14

அண்ணிக்கு,

கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காரச் சொன்னாலே பயம்.

"கைதட்டல் வேண்டாம்மா. சத்தம் இல்லாம ஏதாவது செய்ங்க. ஆகஸ்ட் முதல்ல பார்ப்போம். சரிப்படலேன்னா ஆபீஸ்ல சேர்க்கை மேசை காலியாத்தான் இருக்கு. உங்க கையெழுத்து நல்லா இருக்கே."

முடிவெடுப்பதற்கு முன் பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியையின் கருத்தை எழுதி வாங்குவார்களாம். அது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விரல் சொடுக்கிப் பார்த்தோம். ஆறு வயது விரலில் சொடுக்கு வராது. விரலைத் தேய்த்துக்கொண்டு வாயால் "டக், டக்" என்கிறார்கள். இருபத்தெட்டு டக். கைதட்டலே தேவலை. அடுத்து, காலால் மிதித்தோம். எங்கள் வகுப்புக்கு நேர் கீழே தலைமையாசிரியை அறை என்பது மறந்துவிட்டது.

ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பே அவளைப் பட்டாணி என்று கூப்பிடுகிறது. எங்கே உட்கார வைத்தாலும் உருண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவாள். எல்லா எழுத்தும் தெரியும். சொல் மட்டும் வராது. 'அம்மா' என்று எழுதிக் காட்டினால், "அ. இம். மா." மூன்று பேர். ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர். சேர்த்துச் சொல் என்றால், "அயிம்மா."

யார் இந்த அயிம்மா? அவளுக்கும் தெரியாது. முகம் சுருங்கிவிடும்.

"புள்ளி வச்சவங்க தனியா நடக்க மாட்டாங்க. முன்னாடி போறவங்க கையைப் பிடிச்சுக்குவாங்க" என்று சொன்னேன். அம்: ஒரு தட்டு. மா: ஒரு தட்டு. இன்னொரு முறை. பிறகு அவளே தட்டினாள். நின்றாள்.

"அட! எங்க அம்மா!"

நீங்கள் கதவைத் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு இது. கைதட்டல் நின்ற அன்றே அயிம்மா திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு இந்த வகுப்பு வேண்டும். அந்த மேசை வேண்டாம். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.


ஜூலை 16

மகாராணிக்கு,

நீங்கள் எல்லோரும் மிதித்தபோது நான் கீழே தலைமையாசிரியை எதிரில்தான் நின்றிருந்தேன். கூரையிலிருந்து சுண்ணாம்பு அவருடைய டீயில் விழுந்தது. கரண்டியால் எடுத்துப் போட்டார். "மேல யானை ஏதாவது சேர்ந்திருக்கா?" என்று கேட்டார். "முதல் வகுப்பு, மேடம்" என்றேன். "யானையா இருந்தா உட்காருன்னா உட்காரும்" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கருத்து கேட்டிருப்பது உண்மை. எழுதுவேன். நாத்தனார் என்பதற்காக ஒரு வார்த்தை கூடுதலாக எழுத மாட்டேன். எழுதினால் ஆசிரியர் அறையில் என்ன பேசுவார்கள் தெரியுமா? "வீட்டு ஆளுங்க, வேற எப்படி எழுதுவாங்க" என்பார்கள். அது உனக்கும் கேவலம், எனக்கும் கேவலம்.

சேர்க்கை மேசைக்கு நீ போனால் அன்றைக்கே ஒரு அப்பாவோடு சண்டை போடுவாய். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டாணியின் அம்மா ஆதங்கத்தோடு என்னைப் பள்ளி வாசலில் பிடித்துக்கொண்டார். "வீட்டுல என்னைப் பார்த்து கை தட்டுறா டீச்சர், ஏதோ நாடகம் முடிஞ்ச மாதிரி" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

அண்ணி


ஜூலை 21

அண்ணிக்கு,

கிடைத்துவிட்டது.

நான் கண்டுபிடிக்கவில்லை. பட்டாணி. அலுப்பில் மோவாயை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகையில் 'தண்ணீர்' எழுதியிருந்தேன். முணுமுணுத்துப் பார்க்கிறாள். தண். கை ஒரு முறை இறங்கியது. ணீர். இன்னொரு முறை. அவள் கையைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன்.

"டீச்சர், என் வாய் என் கையைத் தட்டுது."

அதுதான். ஒவ்வொரு பிரிவுக்கும் தாடை ஒரு முறை இறங்கும். கையை அடியில் வைத்தால் போதும். நீங்களும் வைத்துப் பாருங்கள். யாரும் பார்க்காதபோது.

இப்போது என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் மோவாயைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். உலகத்தின் மொத்தக் கவலையும் முதல் வகுப்பின் தலையில். வராந்தாவில் போன பி.டி. மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் பல்வலியா?" என்றார்.

ஒரு சத்தம் இல்லை. வண்-ணத்-துப்-பூச்-சி வரைக்கும் வந்துவிட்டோம், ஊசி விழுந்தால் கேட்கும்.

இனி உங்கள் ஏழும் ஐந்தும் பன்னிரண்டாகவே இருக்கட்டும். நிஜமாகவே சொல்கிறேன். குத்தல் இல்லை.

அதற்குள் கருத்து எழுதிவிட்டீர்களா?


ஜூலை 24

உனக்கு,

எழுதிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன். "வகுப்பில் சத்தம் அதிகம். முறையால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. அலுவலக வேலை பொருந்தலாம்." நான் எழுதிய மூன்று வரியும் இதுதான். மறைக்கவில்லை. எழுதும்போது அது உண்மை என்றுதான் நினைத்தேன்.

இனி, சொல்லப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

என் வகுப்பில் நெட்டை என்று ஒருவன். பெருக்கலில் புலி. வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் தாளை வெள்ளையாக வைத்துக் கொடுப்பான். 'ஒரு பழக்கடைக்காரர் நாற்பது பழங்கள் வைத்திருந்தார்' என்று தொடங்கினாலே ஆள் காணாமல் போய்விடுவான். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாக எழுதத் தொடங்கினான். அவன் மட்டும் இல்லை, இன்னும் ஐந்தாறு பேர். என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். உன் அண்ணனிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நான் கருத்து கொடுத்த பிறகு, நீ மோவாய்க்கு மாறி உன் பக்கம் அமைதியான மறுநாள், அதே கணக்கைக் கொடுத்தேன். நெட்டை பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளைவுட்டையே பார்க்கிறான்.

"என்னடா பார்க்கிற?"

"அந்தப் பக்கம் லீவா டீச்சர்?"

குனிந்து பார்த்தேன். பெஞ்சுக்குக் கீழே தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறான். ப. ழக். க. டைக். கா. அங்கே நின்றுவிட்டான்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"செவுரு, டீச்சர்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்ட?"

"அவங்க அஞ்சு வரைக்கும்தான் வந்தாங்க டீச்சர். இதுல ஆறு வருது. நாளைக்கு ஆறு வரும்னு பார்த்தேன். சத்தத்தையே காணோம்."

எட்டு வயதுப் பையன் முதல் வகுப்புப் பாடத்தைப் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் படித்திருக்கிறான். கணக்கு வரவில்லை என்று அவனை நான் திட்டியது எத்தனை தடவை! அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. கேள்விக்குள் நுழைய முடியவில்லை.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நினைத்துக்கொள்.

உன் அண்ணி


ஜூலை 26

படித்தேன். இரண்டு முறை.

'அலுவலக வேலை பொருந்தலாம்.'

அந்த வரியில் தாடை எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தேன். கோபம் வந்தால் இப்படித்தான் செய்கிறேன் இப்போதெல்லாம். பதினொன்று.

அந்த மேசையைப் போய்ப் பார்த்தேன். நல்ல மேசை. ஜன்னல் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சுவர்.

போய்க் கருத்தை மாற்றி எழுதித் தருகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்னதுதான். வீட்டு ஆட்கள் என்பார்கள். எனக்காக ஒரு வரி வேண்டாம். நெட்டையையும் அந்த ஐந்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வாருங்கள். அண்ணியாக இல்லை. டீச்சராக. பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பயனில்லை என்று தெரிந்தால் அதையே மறுபடியும் எழுதுங்கள். இந்த முறை பார்த்துவிட்டு எழுதியதாக இருக்கும்.

பட்டாணி நேற்று பால் பாக்கெட்டைப் படித்தாள். ஒரு பக்கம் முழுவதும். காலாவதித் தேதி வரைக்கும்.


ஜூலை 30

மாடிக்கு,

உன் எதிரிலேயே பாதி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் பேசவில்லை. அதனால் நான் என்ன பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

உன் நாற்காலிகள் முழங்கால் உயரம். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். அது முதலில்.

நெட்டை உன் வாண்டுகளுக்கு நடுவில் ஒட்டகம் மாதிரி கூனிக்கொண்டு உட்கார்ந்தான். வெட்கம். யாராவது சிரித்தால் எழுந்து ஓடியிருப்பான். பட்டாணி உருண்டு வந்து அவன் கையைப் பிடித்து அவன் மோவாய்க்கு அடியில் வைத்தாள். "அண்ணா, தட்டாதீங்க. சும்மா வச்சுக்கோங்க. அதுவே வந்து இடிக்கும்" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? என் கையையும் என் மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ப. ழக். க. டைக். கா. ரர்.

ஆறாவது வந்து இடித்தபோது அவன் முகத்தைப் பார்த்தாயா? நீ பலகைப் பக்கம் திரும்பி நின்றாய். நான் பார்த்தேன்.

பிறகு கணக்கு முழுவதையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தான். வாசித்து முடித்து விடையும் சொன்னான். விடை தப்பு. நாற்பதிலிருந்து பதினெட்டைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டான். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! அந்தத் தப்பை எனக்குத் திருத்தத் தெரியும். அது என் தொழில்.

நேராகக் கீழே போனேன். இன்னொரு கருத்து கொடுத்தேன். "கைதட்டல் பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல். இது உண்மை. அதே கைதட்டலால் பக்கத்து வகுப்பில் ஆறு பேர் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவும் உண்மை. முதல் கருத்தை நான் வகுப்பைப் பார்க்காமல் எழுதினேன்."

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. எதை நான் நம்புறது? சொந்தக்காரங்கன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"ரெண்டையும் நம்பாதீங்க மேடம். நேர்ல வந்து உட்காருங்க. நாற்காலி மட்டும் கையோட கொண்டு வாங்க" என்றேன்.

திங்கட்கிழமை வருகிறார். நான் செய்யக்கூடியது இவ்வளவுதான். இனி உன் கையில்.

அண்ணி

பின்குறிப்பு: மூன்றாம் வகுப்பில் நீ வளர்த்துவிட்ட அந்தப் பட்டப்பெயர் அப்படியே இருக்கிறது. திருத்துவதை விட்டுவிட்டேன்.


ஆகஸ்ட் 4
முதல் வகுப்பு, எல்லோரும் போன பிறகு

அண்ணிக்கு,

நீங்கள் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தீர்கள். ஆனால் ஒன்பதாம் வாய்ப்பாட்டை அவ்வளவு மெதுவாக யாரும் நடத்த மாட்டார்கள். ஒட்டுக்கேட்டீர்கள். எவ்வளவு கேட்டது என்று தெரியாததால் முழுவதும் எழுதுகிறேன்.

மேடம் நாற்காலி கொண்டு வரவில்லை. எங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். முழங்கால் காதுக்கு வந்தது. யாரும் சிரிக்கவில்லை, நானும். நான் எழுதி வைத்திருந்த சொற்களை அழிக்கச் சொன்னார்.

"இதெல்லாம் பழகின வார்த்தையா இருக்கும். நான் ஒண்ணு எழுதுறேன். யாராவது படிங்க பார்ப்போம்."

எழுந்து (கூட வந்திருந்த பி.டி. மாஸ்டர் கை கொடுத்தார்) பலகையில் எழுதினார்: தலைமையாசிரியை.

முதல் வகுப்பு. ஆகஸ்ட். ஆறைத் தாண்டி நாங்கள் போனதே இல்லை. என்னால் எதுவும் சொல்ல முடியாது; சொன்னால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். இருபத்தெட்டு உள்ளங்கைகள் மோவாய்க்கு அடியில் போயின. அந்தப் பக்கம் உங்கள் ஒன்பதும் நின்றது.

கை தூக்கியது பட்டாணி. தூக்கிய கையை மறுபடி மோவாய்க்குக் கொண்டு வந்தாள்.

"த. லை. மை."

நின்றாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பழைய சுருங்கின முகம் ஞாபகம் வந்தது. அது வரவில்லை.

"யா. சி. ரி. யை."

பிறகு ஒரே மூச்சில், சேர்த்து. சேர்த்ததும் அவளுக்கே கேட்டுவிட்டது. பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அது நீங்கதானே?"

அவர் சிரிக்கவில்லை. தன் கையைத் தன் மோவாய்க்கு அடியில் வைத்து, உள்ளுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது. ஏழு முறை இறங்கியது.

"ஆமாம்மா. நான்தான்."

கதவருகே என்னிடம் சொன்னது: "சேர்க்கை மேசைக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன். கைதட்டலைக் கடைசிப் பாடவேளைக்கு வச்சுக்கோங்க. அந்த ஆறு பேரை வாரத்துல ரெண்டு நாள் நீங்களே பாருங்க. உங்க அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன்."

உங்க அண்ணி. அவரும்.

நன்றி என்று எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காது. அந்த முதல் மூன்று வரிகள் இன்னும் கொஞ்சம் வலிக்கின்றன. அதையும் எழுதி அடித்தேன், பிறகு அடித்ததை மறுபடி எழுதிவிட்டேன். இருக்கட்டும். ஆனால் அந்த மேடத்தின் எதிரில் நின்று 'பார்க்காமல் எழுதினேன்' என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. இதை அடிக்கவில்லை.

இதை அண்ணனிடம் கொடுக்கப்போவதில்லை. உங்கள் மேசைமேல் வைக்கப்போகிறேன். உங்கள் பலகையில் இருந்த நாளைய கணக்குகளைப் படித்தேன். ஆறும் ஏழும் வருகிற சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். இரண்டு வகுப்பின் ஜன்னல்களையும் சாத்தினேன். நீங்கள் கேட்டருகே நின்று திரும்பித் திரும்பிப் பார்ப்பது மேலே இருந்து தெரிகிறது. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறேன்.